குட்டிகளுக்குத் தொப்பி தைத்த மாவட்டம்

அந்த மாவட்டத்தில் மனிதர்கள் யாரையும் கேட்காமல் பிறக்கலாம். குதிரைகள் பிறப்பதற்கு அனுமதி வேண்டும். அனுமதி வழங்கும் இடத்திற்குக் குதிரைக் குலமேன்மை வாரியம் என்று பெயர்.

வாரியம் தோன்றுவதற்கு முன்னால் அங்கே குதிரைகள் தம் விருப்பம் போல் பெருகின. உழுதன, வண்டி இழுத்தன, மூட்டை சுமந்தன, ஒதுங்க இடமின்றி மழையில் நனைந்தன. இவ்வளவும் செய்த குதிரைகளுக்குக் குலம் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாரியம் கவனித்தது. கவனித்தவுடன் கண்ணீர் வடித்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கத்தியைத் தீட்டியது. தூய்மை வாரம் என்று ஒரு வாரத்தை அறிவித்து, மாவட்டத்திலிருந்த ஆண்குதிரைகள் அத்தனையையும் பிடித்துக் காயடித்தது. மேன்மைக்கு இவ்வாறு இடம் ஒழித்துக் கொடுத்த பிறகு, உயர்குலத்துப் பொலிகுதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதன் பெயர் குலதீபம்.

குலதீபத்தின் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், அவனுக்குத் தகப்பன் என்று வாரிய மண்டபத்தின் சுவர் முழுவதும் பளிங்கில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு பட்டம். பின்னாலும் ஒரு பட்டம். இந்தப் பெரியோரில் எவராவது என்றாவது ஒரு நாள் எதையாவது இழுத்தாரா என்பதைப் பற்றி மட்டும் பளிங்கு வாய் திறக்கவில்லை.

அந்த மாவட்டத்தின் மேட்டு நிலம் ஒன்றில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தாள் ஒருத்தி. ஊரார் அவளைக் கிழங்குக்காரி என்றே அழைத்தனர். கணவன் இறந்த பின், அவளுக்கு நிலத்தில் துணை ஒரு பெட்டைக்குதிரைதான். உழுவது அது, கிழங்கு மூட்டைகளைச் சந்தைக்கு இழுத்துச் செல்வதும் அதுதான். அதற்கு இப்போது வயதாகிவிட்டது. பற்கள் தேய்ந்து, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. இந்தப் பருவத்தில் சினை பிடித்தால் ஒரு குட்டி ஈனும். தவறினால் இனி இல்லை. குட்டி இல்லையென்றால், இன்னும் சில ஆண்டுகளில் அந்தக் கலப்பையின் முன்னால் கட்டப்படுவதற்கு அவளைத் தவிர வேறு உயிர் இருக்காது.

பெட்டை பருவத்திற்கு வந்த மறுநாளே அதைப் பிடித்துக்கொண்டு வாரியத்திற்குப் புறப்பட்டாள். உடன் வந்தவன் அவள் தம்பி, தையற்காரன். குலதீபத்தின் பட்டுப் போர்வையை ஆண்டுதோறும் தைத்துக் கொடுப்பவன் அவனே.

"அக்கா, அங்க போய் ஏன், எதுக்குன்னு கேட்காதே," என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"கேட்கல. நீ சொல்லு, அந்தக் குதிரை எப்படி இருக்கும்?"

"நான் பார்த்ததில்ல."

"வருஷா வருஷம் போர்வை தைக்கிறியே?"

"அளவு சொல்லி அனுப்புவாங்க, தைப்பேன். சாதாரண ஆளுக்குத்தான் போட்டுப் பார்த்துத் தைக்கணும். பெரிய இடத்துக்கு அளவு போதும்."

"அப்போ அப்படி ஒரு குதிரை இருக்கான்னே உனக்குத் தெரியாது."

"அக்கா!" என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சாலையில் அவர்களையும் பெட்டையையும் தவிர ஒருவரும் இல்லை. இருந்தும் அவன் குரலைத் தாழ்த்தினான். "போர்வை இருக்கில்ல? போர்வை இருந்தா குதிரை இருக்கும்."

வாரியத்தின் செயலாளர் மெலிந்த மனிதர். முறைகளை உண்டு முறைகளால் மெலிந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பெட்டையைப் பார்த்தார். கண்ணாடி வழியாகக் கிழங்குக்காரியைப் பார்த்தார்.

"பெட்டைக்குப் பருவம் எப்போ வந்துச்சு?"

"நேத்துங்க."

"மனு எப்போ குடுத்தீங்க?"

"இப்போதாங்க குடுக்கிறேன்."

"அப்போ பருவம் முந்திடுச்சு. மனுதாம்மா முந்தணும். மனு வந்து, கூட்டம் கூடி, அனுமதி கிடைச்சதுக்கப்புறம்தான் பருவம் வரணும். இதை அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் தள்ளி வெக்க முடியுமா?"

"குதிரையைத்தான் கேட்கணுங்க."

செயலாளர் இதை நியாயமான விடையாகவே ஏற்றுக்கொண்டார். உரிமையாளர் குதிரையைக் கலந்தாலோசிக்க அவகாசம் கோருகிறார் என்று எழுத்தரிடம் சொன்னார். தையற்காரத் தம்பி குறுக்கே பாய்ந்து, புதிய போர்வையை விழாவுக்கு முன்னதாகவே தந்துவிடுவதாகவும், கரையில் பொன்னிழை வேலைப்பாட்டைத் தன் சொந்தப் பொறுப்பில் சேர்ப்பதாகவும் பணிந்து கூறிய பிறகுதான், பருவம் முந்திய குற்றம் மன்னிக்கப்பட்டது. அவர்கள் தலைவரின் அறைக்குள் விடப்பட்டனர்.

தலைவர் பருத்த உடலினர். சன்னல் வழியே பெட்டையை நோக்கினார். "இதோட தகப்பன் யாரு?"

"தெரியாதுங்க. வயல் ஓரத்துல மேஞ்சிட்டிருந்த ஏதோ ஒண்ணு."

தட்டச்சுப் பொறிகள் நின்றன. ஏவலர் ஒருவர் எழுந்துபோய்ச் சன்னலை மூடினார். அந்தச் சொல் காற்றில் ஏறி லாயம் வரை போய்விடக் கூடாது என்பது அவர் கவலை.

"உங்க தகப்பனார் யாருன்னாவது தெரியுமா?"

"தெரியும் ஐயா. ஆனா சினைக்குச் சேர்க்க நான் அவரைக் கூட்டிட்டு வரலையே."

தம்பி கண்களை மூடிக்கொண்டான். தலைவரோ சினம் கொள்ளவில்லை. பாமர மக்களுக்கு அறிவூட்டுவது அவருடைய கடமைகளுள் ஒன்று. அதற்கெனத் தனிப்படி பெறுகிறார். எழுந்து நின்றார், நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார், பேசலானார்.

"அம்மா! உழைப்பு உடம்பில் இருக்கிறது, உடம்பு அழிந்துவிடும். குலம் இரத்தத்தில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பவைப்பது எளிதா? அதற்காகத்தான் இத்தனை பெரிய கட்டடம், இத்தனை ஊழியர்கள், இத்தனை பளிங்கு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தகப்பனார் இதே நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார். அவருக்குக் குதிரைகளைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. இந்த மரபு ஒரு நாளும் அறுபட்டதில்லை. நாளை என் மகன் இங்கே அமர்வான். அவனுக்குக் குதிரை என்றாலே பயம். இதுதான் அம்மா, குலத்தின் தொடர்ச்சி!"

எழுத்தர்கள் கைதட்டினர். கிழங்குக்காரிக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் பொய்யாகத் தோன்றவில்லை. அதனாலேயே அவளுடைய ஐயம் இரட்டிப்பாயிற்று.

அனுமதி கிடைத்தது. பெட்டையைக் குளிப்பாட்டினர். தரை அழுக்காகிவிடாமல் குளம்புகளில் துணி சுற்றினர். பிறகு அதன் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டினர்.

"கண்ணை எதுக்குக் கட்டுறீங்க?"

"கீழ்க்குலத்துப் பார்வை பட்டா குலதீபத்துக்கு மனசு சுருங்கிடும்," என்றார் செயலாளர்.

"அப்போ எனக்கும் கட்டுவீங்களா?"

"உங்களுக்குச் சுவர் இருக்கு."

உண்மையில் இருந்தது. ஆளுயரத்தைக் காட்டிலும் உயர்ந்த சுவர். உரிமையாளர்கள் அதன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை இருந்தது. அதை மட்டும் அவள் பார்க்கலாம். ஏனெனில் அதில் மேன்மை எதுவும் சம்பந்தப்படவில்லை.

பின்கட்டில் ஒரு மரத்தடுப்பு. அதன் மறுபுறம் லாயக்காரர் ஒரு குதிரையை இழுத்து வந்தார். குட்டைக் கால்கள், பீப்பாய் போன்ற மார்பு, இடது காது மட்டும் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தது போல் வெள்ளை.

"இது யாருங்க அண்ணே? எல்லாத்தையும் காயடிச்சுட்டதாச் சொன்னாங்களே?"

"இது குதிரைக் கணக்குல வராதும்மா. வாளி, கயிறு, வெப்பமானி மாதிரி இதுவும் ஒரு கருவி. கட்டையன்னு கூப்பிடுவோம். பெட்டைக்குச் சம்மதமான்னு இவன்தான் கேட்டுச் சொல்லணும்."

"எப்படிக் கேட்கும்?"

கட்டையன் தடுப்பின் மேல் தலையை நீட்டி, தொண்டைக்குள்ளேயே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். கண் கட்டப்பட்டிருந்த பெட்டை, குரல் வந்த திக்கில் மெல்லத் திரும்பி நின்றது. அவ்வளவுதான், லாயக்காரர் கட்டையனைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

"சம்மதம்னு தெரிஞ்சாச்சு. இனி பெரியவர் வருவாரு."

"பெட்டை உதைச்சிருந்தா?"

"இவன் வாங்கிக்குவான். அதுக்குத்தானே வெச்சிருக்கோம்."

முன்னால் போய் நிற்பவன் ஒருவன், உதைபடுபவனும் அவனே, பட்டம் பெறுபவன் மட்டும் பட்டுப் போர்வைக்குள் இருக்கும் வேறொருவன் என்னும் இந்த ஏற்பாடு உலகில் வேறு எங்கும் கிடையாது, அது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று வாரியம் மனதார நம்பி வந்தது.

கிழங்குக்காரி சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டாள். இசைக்குழு முழங்கத் தொடங்கியது. முரசும் ஊதுகுழலும் அவள் காதருகே நின்று, சுவருக்குப் பின்னால் எழக்கூடிய எந்த ஓசையும் அவளை வந்தடையாதபடி பார்த்துக்கொண்டன. குளம்புகள் அடித்துக்கொள்ளும் ஒலி ஒரே ஒரு முறை இடைவெளியில் கேட்டது. முரசுக்காரர் பதறிப்போய் இன்னும் வேகமாக அடித்தார். கடைசியில் இசை நின்றது. மேன்மை நிறைவேறியது என்று தலைவர் அறிவித்தார். கதவு திறந்தது, குலதீபம் காட்சி தந்தது.

கரிய குதிரை. வெள்ளை என்பது மருந்துக்கும் இல்லை. பக்கத்திற்கு இருவராக நின்று ஊழியர்கள் அதைத் தாங்கிப் பிடித்திருந்தனர். கண் இமையின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தது, குலதீபம் இமைக்கவில்லை. ஈ சற்று நேரம் இருந்துவிட்டு, இங்கே பொழுதுபோக்கு ஒன்றும் இல்லை என்று அறிந்து பறந்துபோயிற்று.

கிழங்குக்காரி பட்டுப் போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. பிறகு, திறந்திருந்த கதவு வழியே பின்கட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே கட்டையன் நெஞ்சு விம்ம நின்று, வைக்கோலை வாய் வாயாக அள்ளித் தின்றுகொண்டிருந்தான். அவன் முதுகிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"ஐயா, பெரியவருக்கு ஒரு சொட்டுக்கூட வேர்க்கலையே?"

"உயர்குலத்தோர் வேர்ப்பதில்லை," என்றார் தலைவர்.

"அது ஏங்க அப்படி வேர்த்திருக்கு?"

தலைவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "பொறாமை," என்றார்.

பெட்டை சினை பிடித்தது. பயிர் வளர்ந்தது, அறுவடை ஆனது, குளிர் வந்து போயிற்று. வெயில் திரும்பிய ஒரு காலையில் கொட்டகையில் ஒரு குட்டி விழுந்தது. பெட்டைக்குட்டி. குட்டைக் கால்கள், அகன்ற மார்பு, எழுந்து நின்ற வேகத்திலேயே தண்ணீர்த் தொட்டியை முட்டித் தள்ளிற்று. இடது காது பளிச்சென்ற வெள்ளை.

கிழங்குக்காரி அதன் மார்பைத் தடவிப் பார்த்தாள். மேட்டு நிலத்திற்கு இதைவிடப் பொருத்தமான மார்பு கிடையாது. ஆனால் அவள் கை காதுக்கு வந்ததும் நின்றது. குட்டிகளுக்கு ஆய்வு நாள் என்று ஒன்று இருந்தது. குலதீபத்தின் சாயல் இல்லாத குட்டி குலக்கலப்புக் குட்டி; குற்றம் உரிமையாளருடையது; குட்டியைப் பறித்துத் தோல் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று பிற்பகலே தம்பி வந்தான். மடியிலிருந்து கறுப்புத் துணியில் தைத்த ஒரு சிறு தொப்பியை எடுத்தான். காதுகள் நுழைய இரண்டு உறைகள். தாடைக்குக் கீழே முடிச்சிட நாடா.

"குட்டிக்குக் காதுல சளின்னு சொல்லிடு அக்கா."

"குட்டி இன்னிக்குக் காலையிலதான் விழுந்துச்சு. நீ எப்போ தைச்சே? காது வெள்ளைன்னு உனக்கு யாரு சொன்னது?"

தம்பி நூலைப் பல்லால் கடிப்பது போல் உதட்டைக் கடித்தான். "உனக்கு மட்டுமா தைக்கிறேன்? பால்காரருக்குத் தைச்சேன். மாவு மில்காரருக்குத் தைச்சேன். ஒவ்வொருத்தரும் கதவைச் சாத்திட்டு, என் தலையிலடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் அளவு குடுக்கிறாங்க. எல்லாருக்கும் தன்னோட பெட்டை மட்டும்தான் எங்கேயோ வேலி தாண்டிடுச்சுன்னு நினைப்பு."

"எல்லாத்துக்கும் இடது காதா?"

"இடது காதுதான்."

"உனக்கு ஒண்ணும் தோணலையாடா?"

"நான் தையல்காரன் அக்கா. அளவோட என் வேலை முடிஞ்சுது."

ஆய்வு நாளில், வாரியத்தின் திடலில் மாவட்டத்துக் குட்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. எல்லாக் குட்டிகளும் தொப்பி அணிந்திருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தம் குட்டியின் தொப்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, அடுத்தவர் குட்டியின் தொப்பியை ஓரக்கண்ணால் நோக்கினர்.

"இதுக்கும் சளியா?" என்று பால்காரர் கேட்டார்.

"ஊரெல்லாம் சளி," என்றாள் கிழங்குக்காரி.

ஆய்வாளர்கள் குளம்பைத் தூக்கிப் பார்த்தனர். பல்லைப் பிரித்துப் பார்த்தனர். வால்மயிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தனர். தொப்பிக்கு அருகில் வந்ததும் அவர்களுடைய கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. தலைவரோ மேடையிலிருந்து, "சொல்லாமலே ஒரே சீருடையில் வந்திருக்கிறீர்களே! குலம் என்பது இதுதான்!" என்று நா தழுதழுக்கக் கூறினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் தாய்க்குதிரைக்கு அந்தத் தொப்பி பிடிக்கவில்லை. குட்டியின் நெற்றியை நக்க முயன்று முயன்று பார்த்தது. துணி நாவில் தட்டியது. நாடாவைப் பல்லால் பற்றி ஒரு சுண்டு சுண்டியது. தொப்பி மண்ணில் விழுந்தது. வெள்ளைக் காது வெயிலில் மின்னியது.

"குலக்கலப்பு!" என்று தலைவர் மேடையிலிருந்து அலறினார். "தோல் கிடங்கு!"

ஊழியர் இருவர் வந்து குட்டியின் கயிற்றைப் பற்றினர். கிழங்குக்காரி மறுமுனையை விடவில்லை.

"ஐயா, என் பெட்டையோட கண்ணைக் கட்டினது நீங்க. என்னைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தினதும் நீங்க. காதுகிட்ட முரசு அடிச்சதும் உங்க ஆளு. உள்ள நடந்ததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"வாரியத்தையே சந்தேகப்படுகிறாயா?"

"என்னைச் சந்தேகப்பட உங்களுக்கு ஒரு காதுதான் சாட்சி. எனக்கு எத்தனை சாட்சின்னு எண்ணிப் பார்க்கலாமா?" வரிசையின் பக்கம் திரும்பினாள். "ஏங்க பால்காரரே, உங்க குட்டிக்கு இன்னுமா சளி போகல?"

பால்காரர் அவளைப் பார்த்தார். கயிறு பற்றியிருந்த ஊழியர்களைப் பார்த்தார். தன் குட்டியைப் பார்த்தார். நாடாவை அவிழ்த்தார். வெள்ளைக் காது. அடுத்து நின்ற மில்காரர், "அட, உங்களுதுமா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சொன்னது தம்மையும் காட்டிக்கொடுத்துவிட்டதை உணர்ந்து, தொப்பியைக் கழற்றினார். வரிசை நெடுகத் தொப்பிகள் விழுந்தன. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து கட்டையன் கனைத்தான். திடலிலிருந்த வெள்ளைக் காதுகள் அத்தனையும் ஒருசேர அந்தப் பக்கம் திரும்பின.

வேறொரு நிறுவனமாயிருந்தால் அன்றே செத்திருக்கும். குலமேன்மை வாரியம் மேடைக்குப் பின்னால் சென்று கூடிப் பேசியது; முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தது. தலைவர் கைகளை விரித்தார்.

"பெருமக்களே! வெண்காது! உயர்குலத்தின் ஆதி அடையாளம்! பல தலைமுறைகளாக மறைந்திருந்த அந்த மாணிக்கத்தை, வாரியத்தின் இடையறாத உழைப்பு இன்று மீட்டுத் தந்திருக்கிறது! இனி வெண்காது உள்ளதே உயர்குலம்!"

"குலதீபத்துக்கு ரெண்டு காதும் கறுப்பாச்சே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவருடையது உள்ளே வெள்ளை," என்றார் தலைவர்.

கணப்பொழுதுக்கு முன் குற்றவாளிகளாக நின்றவர்கள் இப்போது மேன்மக்களின் உரிமையாளர்கள் ஆகிவிட்டனர். எவருக்கு இது கசக்கும்? கைதட்டல் விண்ணைப் பிளந்தது. நெருப்பு மூட்டினர், குல முத்திரை பொறித்த இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சினர். குட்டிகளின் தொடையில் அதைச் சுட்டு வைக்க வேண்டும். மக்கள் முண்டியடித்து வரிசையில் நின்றனர். மயிர் கருகும் நாற்றம் திடலில் பரவியது. செயலாளர் உயர்குலக் குட்டிகளுக்கான விதியை உரத்துப் படித்தார்: முத்திரை பெற்றவை ஏரில் பூட்டப்படலாகாது, வண்டி இழுக்கலாகாது, சுமை சுமக்கலாகாது, மீறினால் பறிமுதல்.

கிழங்குக்காரியை முதல் ஆளாக அழைத்தனர். அவள் அசையவில்லை.

"முத்திரை போட்டா இது உழவே கூடாதா?"

"உழுவதா? வெண்காதா?" தலைவர் நெஞ்சில் கைவைத்தார்.

"போடலைன்னா?"

"குலமற்றது. காயடித்துவிடுவோம்."

"இது பெட்டைங்க."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதிகளைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். நெற்றியில் வியர்வை அரும்பிற்று.

"பெட்டைக்கு ஒண்ணுமே எழுதலைங்க ஐயா. பெட்டைக்குக் குலம் இருக்கும்னு நாம யோசிக்கவே இல்ல."

"அம்மா, முத்திரை இல்லாவிட்டால் இதன் தகப்பன் யார் என்பதை உலகம் எவ்வாறு அறியும்?" என்று தலைவர் உருகினார்.

"அறிஞ்சு உலகம் என்ன பண்ணப் போகுது? என் மூட்டையை வந்து இழுக்குமா?"

ஊழியர்கள் கயிற்றை விட்டனர். அவள் தாயைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். குட்டி தானாகவே பின்னால் போயிற்று. தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, எல்லாக் குட்டிக்கும் பட்டுப் போர்வை தைக்கச் சொல்லிட்டாங்க! நீ ஒருத்தி மட்டும் ஏன் இப்படி? ஊரோட சேர்ந்து சுட்டுட்டுப் போயேன்."

"நீ தைடா. பட்டுக்குள்ள நிக்கிற குட்டியை வெச்சுக்கிட்டு இவங்க நிலத்தை எதைக் கொண்டு உழுவாங்கன்னு மட்டும் ராத்திரி படுத்துக்கிட்டு யோசி."

அவன் நின்றுவிட்டான். அவள் நிற்கவில்லை.

வெளிவாயிலில் காவலர் தடியைக் குறுக்கே நீட்டினார். குட்டியின் தொடைகள் இரண்டையும் குனிந்து பார்த்தார். சுட்ட தழும்பு எதுவும் இல்லை.

"முத்திரை இல்லையே. இது யாரோட குட்டி?"

கிழங்குக்காரி பேசிப் பேசிக் களைத்திருந்தாள். தாய் நின்றதும் குட்டியும் நின்றது. தலையைத் தாழ்த்தி, தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைத்து, ஒரு முட்டு முட்டி, பால் குடிக்கத் தொடங்கிற்று.

காவலர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கதவை அகலத் திறந்துவிட்டார்.